நீக்கப்பட்ட ஆறு பக்கங்கள்

சைதாப்பேட்டை,
9-6-1974

அன்புள்ள தாவீது,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இருந்தால் மேலே படி. ஹைஸ்கூலில் நாலு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்த கோதண்டராமன்தான். என் கல்யாணத்துக்கு மணிமங்கலம் வந்து போனாயே, அதோடு எட்டு வருஷம் ஆகிறது. வேலை, குடித்தனம் என்று நாட்கள் போய்விட்டன.

இங்கே ஒரு கல்லூரியில் அரசியல் விரிவுரையாளராக இருக்கிறேன். கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவரும் ஒரு குழு, மேலைநாட்டு அரசியல் சிந்தனை பற்றிப் பாடநூல் எழுதச் சொல்லியிருக்கிறது. பிளேட்டோ, அரிஸ்டாட்டில் வரை எழுதிவிட்டேன். அடுத்தது இடைக்காலம். ஐரோப்பாவின் மடங்களில் இருந்தவர்கள் அந்த கிரேக்கர்களை எப்படிப் படித்தார்கள், நன்மை தீமை பற்றியும் அரசன் குடி பற்றியும் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை மாற்றினார்கள்? இங்கேதான் தடுக்கி விழுகிறேன். என்னிடம் இருப்பது இங்கிலீஷில் இரண்டு சுருக்க நூல்கள். நீயோ பாதிரியாராவதற்காகக் குருமடத்தில் ஆறு வருஷம் இதையெல்லாம் லத்தீனிலேயே படித்தவன்.

நீ இப்போது உன் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் என்று நம் வகுப்பு பாபு சொன்னான். நாலாம் அத்தியாயத்தை எனக்காக எழுதித் தருவாயா? அன்றைக்கு நடந்தது எதையும் மனதில் வைக்காமல் யோசி.

உன்,
கோதண்டம்


சுங்குவார்சத்திரம் வழி,
23-6-1974

கோதண்டம்,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் மேசையில் கிடந்தது. பிறகு ரத்னாதான் பிரித்துக் கொடுத்தாள். ரத்னா என் மனைவி. உனக்குத் தெரியாது.

"அன்றைக்கு நடந்தது" என்று எழுதியிருக்கிறாய். என்ன நடந்தது என்று எழுதவில்லை. நானே எழுதிவிடுகிறேன், அப்போதுதான் மேலே பேச முடியும். உன் கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் பந்தலுக்குள் இலை போட்டார்கள். எனக்கு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போட்டார்கள். உன் மாமா என் கையைத் தொடாமல் வழி காட்டினார். நீ மணவறையிலிருந்து பார்த்தாய். பிறகு ஹோமப் புகையைப் பார்த்தாய். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அவ்வளவுதான்.

எழுதித் தருகிறேன். உனக்காக இல்லை. குருமடத்தில் மூன்றாம் வருஷத் தத்துவ வகுப்பில் ஒரு நாள் அரிஸ்டாட்டில் பாடம். சிலர் பிறவியிலேயே பிறர் ஆள்வதற்கென்று அமைந்தவர்கள், அடிமையாக இருப்பதுதான் அவர்களுக்கு நல்லது என்று அவர் சொல்லும் இடம் வந்தது. வகுப்பில் இருபத்திரண்டு பேர். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அத்தனை பேரும் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. நான் எழுந்து, "ஃபாதர், அப்படிப்பட்ட ஒருவனை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நோட்டில் குறிப்பு எடுத்தேன். அழகான கையெழுத்தில் எடுத்தேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் காது சூடாகிறது. குருப்பட்டம் வாங்காமல் நான் வெளியே வந்ததற்கு வேறு காரணங்கள் சொன்னேன். இதுதான் காரணம்.

இரண்டு நிபந்தனை. அடிமைகள் பற்றி இரண்டு பக்கமாவது இருக்கும். நூலின் முகப்பில் உன் பெயரோடு என் பெயரும் இருக்க வேண்டும்.

தாவீது


சைதாப்பேட்டை,
2-3-1975

அன்புள்ள தாவீது,

அத்தியாயம் வந்து சேர்ந்தது. இரண்டு தடவை படித்தேன். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை, இப்படி ஒரு தமிழில் இந்த விஷயத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அரிஸ்டாட்டில் கிரேக்கத்திலிருந்து சிரியாக் மொழிக்குப் போய், பாக்தாதில் அரபியாகி, ஸ்பெயினில் லத்தீனாகி, கடைசியில் அக்வினாஸ் என்ற துறவியின் மேசைக்கு வந்து சேரும் கதையை ஒரு பயணம் போலச் சொல்லியிருக்கிறாய். தகுந்த இடத்தில் தகுந்த அளவு என்ற அரிஸ்டாட்டிலின் விதியை ஒழுக்கமாக அவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்ற பகுதியை என் பி.ஏ. மாணவர்களுக்கு வாசித்தேன். உன் பெயரைச் சொன்னேனா என்று கேட்பாய். நூல் வரட்டும், சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். அடிமைகள் பற்றிய பகுதியைப் பரிசீலனைக் குழுவில் ஒருவர், "இது சிந்தனை வரலாறா, சேரிப் பிரச்சினையா?" என்று கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் குழுவின் ஒப்புதல் வேண்டுமே. இரண்டு பக்கத்தை அரைப் பக்கமாக்கலாமா? முகப்பில் உன் பெயர் போடுவதைப் பற்றியும் அவர்களிடம் பக்குவமாகப் பேச வேண்டும். உனக்குக் கல்லூரிப் பட்டம் இல்லை என்பதால் ஒரு சிக்கல். நான் பார்த்துக்கொள்கிறேன்.

கொடுங்கோன்மை பற்றிய பகுதி இன்னும் வரவில்லையே?

உன்,
கோதண்டம்


16-3-1975

கோதண்டம்,

அரைப் பக்கம் ஆகாது.

உன் குழுவில் கேட்டவருக்கு இதைச் சொல். கிரேக்கத்திலிருந்து வந்தது அரிஸ்டாட்டில் மட்டுமல்ல. ஸ்டோயிக்குகள் என்ற இன்னொரு தத்துவக் கூட்டத்தாரும் வந்தார்கள். எல்லா மனிதனுக்கும் பொதுவான அறிவு ஒன்று உண்டு, இயற்கையில் எவனும் அடிமை இல்லை என்றார்கள். அதை ரோமாபுரிச் சட்ட வல்லுநர்கள் எடுத்துக்கொண்டார்கள், பழைய திருச்சபைப் பிதாக்களும் எடுத்துக்கொண்டார்கள். அக்வினாஸின் ஒரு கையில் இது இருக்கிறது, இன்னொரு கையில் அரிஸ்டாட்டில். இரண்டையும் கீழே வைக்க மனமில்லாமல், அடிமைத்தனம் இயற்கையில் இல்லை, ஆனால் பயன் கருதி இருக்கலாம் என்கிறார். அவ்வளவு பெரிய மனிதர் தயங்கிய இடத்தை மாணவனுக்குக் காட்டாவிட்டால் எதற்குப் பாடநூல்?

கொடுங்கோன்மைப் பகுதி இத்துடன் இருக்கிறது. ஆறு பக்கம். பள்ளி விட்டபிறகு மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கடைசிப் பக்கத்தை டீக்கடையில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தபோது கண்ணப்பன் வந்தான். எங்கள் ஊர்க்காரன். சாலையோர வார்ப்பட ஆலையில் மண் அச்சுக் கட்டுகிறவன், அங்கே தொழிலாளர் சங்கச் செயலாளரும் அவன்தான்.

"இன்னா வாத்தியாரே, எப்பப் பார்த்தாலும் எழுதிகினே கீற?"

நியாயமில்லாத சட்டம் சட்டமே அல்ல, அது பலாத்காரம் என்று அக்வினாஸ் சொல்லும் இடத்தைப் படித்துக் காட்டினேன்.

"இத எப்போ எழுதினான் அந்த ஆளு?"

"எழுநூறு வருஷம் இருக்கும்."

"எழுநூறு வருசமா இது தெரியுமா? அப்ப இன்னாத்துக்கு நாம இன்னும் இப்படி கீறோம்?" என்றான். ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. மீதியைக் கேட்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

அவன் கேட்டதை அடிக்குறிப்பாகப் போடலாம் என்று இருக்கிறது.

தாவீது


சைதாப்பேட்டை,
21-2-1976

தாவீது,

அச்சுப்படியைச் சரிபார்க்கும் கட்டத்தில் சில சிரமங்கள். காலம் சரியாக இல்லை. உனக்கே தெரியும், நெருக்கடி நிலை வந்து எட்டு மாதம் ஆகிறது, இந்த மாதத்திலிருந்து இங்கேயும் கெடுபிடி அதிகம். கொஞ்ச நாள் எனக்குக் கடிதம் போடாதே. நான் எழுதியவை இருந்தால் எரித்துவிடு. வேறொன்றும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

கோ.


4-7-1976

கோதண்டம்,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் எழுதவில்லை. இப்போது எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள், பிப்ரவரி இருபத்துநான்காம் தேதி, வகுப்பில் இருந்த என்னை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுப்பராயன் மகள் கிளியம்மாள், இரண்டாம் வகுப்பு, "சார், பெல் அடிக்கட்டா?" என்று கேட்டாள். அடி என்றேன்.

பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள். கொடுங்கோன்மைப் பகுதியின் கையெழுத்துப் பிரதி இன்ஸ்பெக்டர் மேசையில் இருந்தது. என் எழுத்து, என் அடித்தல் திருத்தல்.

"யாரு எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தான் எழுதினேன்."

"அரசாங்கத்தக் கொடுங்கோலாட்சின்னு எழுதுவியா?"

"இது எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில ஒரு சாமியார் எழுதினதுங்க."

"அவரு அட்ரஸ் குடு" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை.

வழக்கு எதுவும் போடாமல் விட்டுவிட்டார்கள். பள்ளி விடவில்லை. எங்கள் மிஷன் பள்ளியின் மேனேஜர் சாமியார், "நீ குடும்பஸ்தன், உன்மேல் எனக்கு வருத்தமில்லை, ஆனால் மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும்" என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கங்கள் ஒரு பாடநூலுக்காக, நீ கேட்டு, நான் எழுதியவை என்று மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுது. போலீசுக்கு அல்ல, அவருக்கு மட்டும். கையெழுத்துப் பிரதி அவர்களுக்கு எப்படிப் போனது என்று புரியவில்லை. அச்சகத்தில் யாராவது கொடுத்திருக்கலாம். உனக்கும் தொல்லை வந்திருக்குமோ என்றுதான் அத்தனை நாளும் பயந்தேன்.

தாவீது


சைதாப்பேட்டை,
10-4-1977

தாவீது,

உன் ஜூலைக் கடிதத்துக்கு ஒன்பது மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். தேர்தல் முடிந்து, ஆட்சி மாறி, நெருக்கடி நிலையும் போய் மூன்று வாரம் ஆகிறது. பயம் போன பிறகுதான் எனக்கு உண்மை எழுத வருகிறது. இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? இருந்தாலும் எழுதுகிறேன்.

அச்சகத்தில் யாரும் கொடுக்கவில்லை. நான்தான் கொடுத்தேன்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி பிரின்சிபால் கூப்பிட்டார். அவர் அறையில் மப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள். பாடநூலில் அரசாங்கத்துக்கு எதிராக எழுதியிருப்பதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். அச்சுப்படி அவர்கள் கையில் இருந்தது. என்னை அடிக்கவில்லை, தாவீது. மிரட்டக்கூட இல்லை. டீ கொடுத்தார்கள். "நீங்களா சார் எழுதினீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். இல்லை என்றேன். வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. வேறு யார் என்றார்கள். உன் பெயர், ஊர், பள்ளி எல்லாம் சொன்னேன். அத்தாட்சி கேட்டார்கள். கையெழுத்துப் பிரதி வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று நானே சொன்னேன்.

போக ஒரு பஸ், வர ஒரு பஸ். கூட யாரும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் நான் சுதந்திர மனிதன். தொலைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது என்று எதையாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் கனகம், "இன்னாங்க, இந்த நேரத்துல வந்துட்டீங்க?" என்று கேட்டாள். மறந்துவைத்த காகிதம் என்று சொல்லிவிட்டு அந்த ஆறு பக்கத்தையும் எடுத்துப் போனேன். கசங்கக் கூடாதென்று ஒரு ஃபைலில் வைத்து எடுத்துப் போனேன். அந்தப் பகுதியைத் தாவீது என்பவர் என் அனுமதியின்றிச் சேர்த்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து உனக்கு எழுதினேனே, அந்தக் கடிதத்தில் "ஊரை விட்டு எங்காவது போய்விடு" என்று ஒரு வரி எழுதி, அடித்து, வேறு தாளில் பிரதி எடுத்தேன். கடிதம் யார் கையிலாவது சிக்கினால் என்று பயம்.

நூல் வந்துவிட்டது. முகப்பில் என் பெயர் மட்டும். ஆறு பக்கமும் இல்லை, அடிமைகள் பற்றிய இரண்டு பக்கமும் இல்லை. மீதி நாலாம் அத்தியாயம் உன் வரிகள் அப்படியே இருக்கின்றன. அதைத்தான் எல்லோரும் பாராட்டுகிறார்கள். ஜூன் முதல் நான் துறைத் தலைவர்.

உன் மேனேஜருக்கு நேற்று எழுதிப் போட்டுவிட்டேன். காலம் கடந்து எழுதியதற்கு என்ன மதிப்பு என்று எனக்கே தெரியும். என்னை மன்னிப்பாயா என்று கேட்கவும் கை கூசுகிறது. ஆனால் அதைத்தான் கேட்கிறேன்.

கோதண்டராமன்


24-4-1977

கோதண்டம்,

உனக்குத் தெரிந்திருக்காது, ஈஸ்டர் ஞாயிறன்று எழுதியிருக்கிறாய்.

நீ எழுதிய எதுவும் எனக்குப் புதிதில்லை. ஸ்டேஷனில் முதல் நாளே உன் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார்கள். "யாரும் எழுதச் சொல்லவில்லை" என்று நான் சொன்னதே அதைப் பார்த்த பிறகுதான். அப்போது அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், உன்னைவிட உயரத்தில் நிற்க எனக்கு ஒரு ஆசை இருந்தது.

ஜூலையில் உனக்கு எழுதியதும் அப்படித்தான். அச்சகத்தில் கொடுத்திருக்கலாம் என்று தெரியாதவன் போல எழுதினேன். நீ உண்மையைச் சொல்ல ஒரு வாசல் திறந்துவைக்கிறேன் என்று ரத்னாவிடம் சொன்னேன். அவள் படித்துவிட்டு, "இது வாசல் இல்லீங்க, எலிப்பொறி" என்றாள். தபாலில் போடாதே என்றாள். போட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் இன்னொன்று இருக்கிறது. ரத்னாவுக்குக்கூடத் தெரியாது. உனக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒருவன்தான் என்னைப் பார்த்து முகம் சுளிக்க முடியாதவன்.

ஆறாம் நாள் என்று நினைக்கிறேன். "இதை வேறு யாருக்குப் படித்துக் காட்டினாய்?" என்று கேட்டார்கள். என்னையும் பெரிதாக அடிக்கவில்லை. நிற்கவைத்திருந்தார்கள். கால் வீங்கியிருந்தது. கண்ணப்பன் பெயரைச் சொன்னேன். டீக்கடையில் பத்து வரி கேட்டுவிட்டுச் சங்கு ஊதியதும் போனானே, அவன். சங்கச் செயலாளர் என்றதும் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு எனக்கு உட்கார நாற்காலி கொடுத்தார்கள்.

நான் பத்தொன்பது நாளில் வந்துவிட்டேன். அவன் ஏழு மாதம் உள்ளே இருந்தான். இடது காது போய்விட்டது. ஆலையில் அவனை மறுபடி சேர்க்கவில்லை. அதே ஆலையில் எனக்கு டைம் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம். ஒவ்வொரு ஷிப்டுக்கும் உள்ளே வருகிறவர்களின் அட்டையில் நேரம் குத்துகிறேன். கண்ணப்பன் பெயர் எழுதிய அட்டை பழைய கட்டில் இருக்கிறது.

வெட்கம் ஒரு நற்பண்பு ஆகாது என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார், அக்வினாஸும் பாதிக்குமேல் ஒத்துக்கொள்கிறார். இளைஞனுக்கு அது அழகு, ஏனென்றால் அவன் தவறுவான். வயதானவன் வெட்கப்பட்டால் பாராட்ட ஒன்றுமில்லை, வெட்கப்படும்படியான காரியத்தை அவன் செய்திருக்கவே கூடாது. நமக்கு நாற்பது ஆகிறது, கோதண்டம். நீயும் நானும் மாறி மாறி வெட்கப்பட்டுக் கடிதம் எழுதிக்கொள்வதால் யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மன்னிப்பு கேட்டிருக்கிறாய். எனக்கே ஒருவனிடம் கேட்க வேண்டியிருக்கும்போது உனக்கு நான் என்ன கொடுப்பது? மூன்று தடவை அவன் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். தனியாக முடியவில்லை. நீ வா. மே பதினைந்து, ஞாயிறு, காலை பத்து மணிக்கு சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். சேர்ந்து போவோம்.

தாவீது


16-5-1977

கோதண்டம்,

பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நின்றேன். காஞ்சிபுரம் பஸ் ஐந்து போயின. மூன்றாவது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உன்னைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். பஸ் நின்றது, இரண்டு பேர் இறங்கினார்கள், பஸ் போய்விட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் இறங்குவாய் என்று மேலும் ஒரு மணி நேரம் நின்றேன்.

உன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே நடந்து போய்விட்டேன். அது இல்லாவிட்டால் போயிருக்க மாட்டேன்.

கண்ணப்பன் வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான். நான் கூப்பிட்டது கேட்கவில்லை. வலப்பக்கம் சுற்றிப் போய் நின்றேன்.

"அட, வாத்தியாரு! இன்னா இந்தப் பக்கம்? வா, உக்காரு. கங்கம்மா, வாத்தியாரு வந்துகீறாரு, மோர் குடு."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். உன் பேரை நான்தான் சொன்னேன், அடி தாங்காமல் சொல்லவில்லை, கால் வலிக்கிறது என்று சொன்னேன் என்றேன். இடையில் நிறுத்தினால் முடிக்க முடியாது என்று வேகமாகச் சொல்லிவிட்டேன். பாதி அவனுக்குக் கேட்கவில்லை. "இன்னா? சத்தமா சொல்லு" என்றான். திரும்பவும் சொல்ல வேண்டியதாயிற்று, தெருவுக்கே கேட்கும்படி. கங்கம்மாள் மோர்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நின்றுவிட்டாள். பிறகு உள்ளே போய்விட்டாள், சொம்போடு.

கண்ணப்பன் கத்தியை வேலியில் செருகினான்.

"சங்கத்துல எவனோ காட்டிக் குடுத்துட்டான்னு நெனச்சிகினு இருந்தேன். எல்லப்பன்தான்னு ஒரு வருசமா அவன்கூடப் பேசறதில்ல" என்றான். அப்புறம், "எல்லப்பன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன், சொல்லு" என்றான்.

மன்னித்துவிடு என்றேன்.

"மன்னிச்சா காது வந்துடுமா? அத வுடு. மன்னிக்கிற மாதிரி இன்னும் மனசு வர்ல, வந்தா சொல்றேன்." கொஞ்சம் கழித்து, "அதுல இன்னாதான் எழுதி வெச்சிருந்த?" என்று கேட்டான். "உள்ள இருந்தப்ப அத்தினி பேரும் கேட்டாங்க, எதுக்குடா உன்னப் புடிச்சாங்கன்னு. எங்க ஊர் வாத்தியாரு ஒண்ணு எழுதினாரு, அதக் கேட்டேன், அதுக்குன்னேன். இன்னா எழுதினாருன்னு கேட்டா எனக்குத் தெரில. சிரிச்சானுங்க. ஏழு மாசம் உள்ள இருந்துகீறேன், அதுல இன்னா கீதுன்னு முழுசாக் கேட்டதில்ல. அதக் கொண்ணாந்து படி. அப்புறம் பேசலாம்."

கையெழுத்துப் பிரதி போலீசிடம் போய்விட்டது. அச்சுப்படியிலிருந்து நீங்கள் எடுத்துவிட்டீர்கள். இன்றைக்கு ஷிப்டு முடிந்து வந்ததிலிருந்து ஞாபகத்தில் இருப்பதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து பக்கம் வந்துவிட்டது. கடைசிப் பத்தி வரவில்லை. கொடுங்கோலன் தன் குடிகளிடம் எதைக் கண்டு அஞ்சுகிறான் என்று தொடங்குவது. தொடக்கம் தெரிகிறது, மேலே என்ன எழுதினேன் என்பது சுத்தமாகப் போய்விட்டது. ஸ்டேஷனில் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள், அதனால்தானோ என்னவோ.

நீ அதை அச்சுக்குச் சரிபார்த்தவன். ஞாபகம் இருந்தால் எழுதி அனுப்பு. பஸ் விஷயத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

தாவீது


சைதாப்பேட்டை,
21-5-1977

தாவீது,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு வரி எழுதிவிடுகிறேன். காஞ்சிபுரம் வரை போய், இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பினேன். நீ அங்கே இன்னும் நிற்பாய் என்று தெரிந்து மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோடை விடுமுறைச் சிறப்பு வகுப்பில், நாலாம் அத்தியாயம் நான் எழுதியதல்ல என்று மாணவர்களிடம் சொன்னேன். யார் எழுதியது, எதை எடுத்துவிட்டேன், ஏன் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து அண்ணாதுரை என்ற பையன் எழுந்து, "அப்ப நீங்க எழுதினது எது சார்?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை. பரீட்சைக்காகக் கேட்டான் போலிருக்கிறது. நூல் போட்ட குழுவுக்கும் எழுதியிருக்கிறேன். மறுபதிப்பு வரும்போது பார்க்கலாம் என்று பதில் வரும், தெரியும்.

நீ கேட்ட பத்தி எனக்கு மனப்பாடம். ஏன் என்பதைப் போன கடிதத்தில் எழுதவில்லை, எழுதத் தைரியம் இல்லை. பிரின்சிபால் அறையில் என்னை எழுந்து நின்று அதைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இன்னொரு தடவை, சத்தமாக என்றார்கள். படித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்துதான் உன் பெயரைச் சொன்னேன்.

"கொடுங்கோலன் தன் குடிகளின் கோபத்துக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை, கோபம் தணிந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் நம்புவதற்கு அஞ்சுகிறான். ஆகையால் அவர்கள் கூடுவதைத் தடுக்கிறான்; ஒருவன் சொன்னதை இன்னொருவன் வந்து சொல்லும்படி செய்கிறான்; சொன்னவனுக்கு ஒரு இருக்கை தருகிறான். அரிஸ்டாட்டில் கண்டு சொன்ன இந்த உண்மையை அக்வினாஸ் தம் காலத்துக்கும் பொருந்தக் கண்டார். நண்பன் நண்பனைக் காட்டிக்கொடுத்த பின் அங்கே படையும் சிறையும் தேவையில்லை. ஆனால் காட்டிக்கொடுத்தவன் எழுந்து போய் அவனிடமே அதைச் சொல்லிவிட்டால், கொடுங்கோலன் செய்த வேலை அந்த இடத்தில் அழிகிறது."

கடைசி வாக்கியம் அரிஸ்டாட்டிலும் இல்லை, அக்வினாஸும் இல்லை என்று நினைக்கிறேன். நீயாகச் சேர்த்தது. அச்சுப்படி பார்க்கும்போதே ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தேன், ஆதாரம் எங்கே என்று.

இதைத் தபாலில் போடவில்லை.

கோதண்டம்

ஞாயிறு, பகல் 11 மணி. உன் வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ ஷிப்டுக்குப் போயிருப்பதாக ரத்னா சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். அதற்குமேல் என்னிடம் பேசவில்லை. உனக்காகக் காத்திருந்து சேர்ந்து போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காத்திருந்தால் போக மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். கண்ணப்பன் வீடு எது என்று கேட்டேன். ரத்னா வாசலுக்கு வந்து கையை மட்டும் நீட்டிக் காட்டினாள். வேலி தெரிகிறது. வெளியே ஒருவர் நிற்கிறார். வலப்பக்கமாகச் சுற்றிப் போகிறேன்.